பட்டியலில் விடுபட்ட பெயர்

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் டூராண்ட் கோப்பை ஆட்டம். அறுபதாவது நிமிடத்தில் வலது ஓரத்தில் பந்தை வாங்கிய நந்தகுமார் சேகர், உள்பக்கமாக வெட்டித் திரும்பி இடது காலால் வளைத்து அடித்தார். பந்து கோல்கீப்பரின் கைக்கு எட்டாமல் தூர மூலைக்குப் போனது. ஈஸ்ட் பெங்கால் 1, மோகன் பகான் 0. கடைசி விசில் வரை அந்தக் கணக்கு மாறவில்லை.

நந்தகுமார் சென்னைக்காரர். ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு கோலோடு அந்தக் கிளப்பின் வரலாற்றில் அவருக்கு நிரந்தர இடம் கிடைத்துவிட்டது. காரணம் எளிது. நான்கரை ஆண்டுகளாக ஈஸ்ட் பெங்கால் தன் பரம வைரியை வென்றதே இல்லை. 2019 ஜனவரி 27-க்குப் பிறகு ஒரு டிரா, அதன்பின் வரிசையாக எட்டுத் தோல்விகள். அதில் ஒன்று மிகக் கொடுமையானது. 2022 ஜனவரியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய கியான் நாசிரி என்ற இளைஞன் மோகன் பகானுக்காக மூன்று கோல் போட்டான். அவன் அப்பா ஜம்ஷித் நாசிரி ஈரானிலிருந்து வந்து 1980-ல் ஈஸ்ட் பெங்கால் சட்டை போட்டு ரசிகர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தவர். தங்கள் பழைய நாயகனின் மகன் கையாலேயே அடி வாங்கிய ரசிகர்கள் அதற்குப் பிறகும் ஒன்றரை ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

கொல்கத்தா டெர்பி என்ற இந்த மோதலில் வெற்றி என்றால் அதற்கென்று ஒரு முறை உண்டு. சிவப்பு-மஞ்சள் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன். பச்சை-அரக்கு மோகன் பகான் ஜெயித்தால் இறால். மைதானத்துக்கே மூங்கில் கழியில் மீனைக் கட்டிக்கொண்டு வருபவர்கள் உண்டு. ஆட்டம் முடிந்ததும் லாரியிலும் டெம்போவிலும் கொடி கட்டிக்கொண்டு, வண்ணப் பொடி தூவி, தாளம் தட்டி ஊர் சுற்றுவார்கள். மறுநாள் காலைச் சந்தையில் வென்றவர்களின் மீன் விலை ஏறும். பத்மா ஆற்று இலிஷ் கிழக்கு வங்கத்து வீட்டுச் சமையலின் பெருமை. பெரிய கோல்டா இறால் மேற்கு வங்கத்துப் பழைய குடும்பங்களின் விருந்துப் பண்டம். யார் ஜெயித்தார்கள் என்பதை அன்றைய அடுப்பே சொல்லிவிடும்.

இத்தனை உணர்ச்சி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் அது ஒரு காகிதத்தில் போய் நிற்கிறது. 1920-ல் எழுதப்பட்ட ஆட்டக்காரர் பட்டியல் அது. அதில் ஒரு பெயர் இல்லை.

அதற்கு முன்பு மோகன் பகானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1889 ஆகஸ்ட் 15-ல் வடக்குக் கல்கத்தாவில் பிறந்த கிளப் அது. 1911 ஜூலை 29-ல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவின் அணியை 2-1 என்று வென்றது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். சுதிர் சாட்டர்ஜி மட்டும் பூட்ஸ் அணிந்திருந்தார். முதல் கோலை வெள்ளையர் அணிதான் போட்டது. கேப்டன் சிப்தாஸ் பாதுரி சமன் செய்தார். அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். எட்ட நின்றதால் பார்க்க முடியாத கூட்டத்துக்குக் காற்றாடி ஏற்றி கோல் கணக்கைத் தெரிவித்தார்கள். இந்தியர் அணி ஒன்று அந்த ஷீல்டை வென்றது அதுவே முதல் முறை. வங்கத்தை இரண்டாகப் பிளந்த 1905-ஆம் ஆண்டுக் காயம் ஆறாத நேரம் அது. அந்தப் பிரிவினையை ரத்து செய்யும் அறிவிப்பு அதே 1911 டிசம்பரில் டெல்லி தர்பாரில் வந்தது. மக்கள் மனத்தில் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. மோகன் பகான் தேசத்தின் அணி ஆகிவிட்டது. இன்றும் ஜூலை 29-ஐ அந்தக் கிளப் திருநாளாகக் கொண்டாடுகிறது.

அந்த 1911 அணியிலேயே கிழக்கு வங்கத்தில் வேர் உள்ளவர்கள் பலர் இருந்தார்கள். பாதுரி சகோதரர்களின் குடும்பமே ஃபரித்பூர் பக்கம். ஆகவே கிழக்கிலிருந்து வந்தவர்களுக்குக் கால்பந்து தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. டாக்கா, மைமன்சிங், பாரிசால் பக்கங்களிலிருந்து படிக்கவும் வேலை பார்க்கவும் கல்கத்தாவுக்கு வந்து மெஸ் வீடுகளில் தங்கியவர்களை ஊர்க்காரர்கள் பாங்கால் என்று அழைத்தார்கள். உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். நகரத்துப் பூர்வ குடிகளை இவர்கள் பதிலுக்குக் கோட்டி என்றார்கள். ஒரே மொழி, ஒரே துர்கா பூஜை. ஆனாலும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதிலிருந்து பருப்பில் சர்க்கரை போடுவது வரை தகராறு இருந்தது.

1920 ஜூலை 28. கூச் பிஹார் கோப்பையில் ஜோராபகான் அணி மோகன் பகானோடு மோத வேண்டும். ஜோராபகானின் பட்டியலில் சைலேஷ் போஸ் பெயர் இல்லை. அணியின் முக்கியமான ஆட்டக்காரர் அவர், கிழக்கு வங்கத்துக்காரர். ஏன் நீக்கினார்கள் என்பதற்கு யாரும் காரணம் சொல்லவில்லை. கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சவுத்ரி, அவரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். தாங்காயில் பக்கம் நாகர்பூரின் ஜமீன்தார் அவர், அவரும் கிழக்குக்காரர். நிர்வாகம் மறுத்தது. சவுத்ரி பதவியை விட்டு வெளியேறினார். மூன்று நாள் கழிந்து நான்காம் நாள், ஆகஸ்ட் 1, புதிய கிளப் பிறந்துவிட்டது. பெயர் ஈஸ்ட் பெங்கால்.

அந்தப் பெயரை யோசித்துப் பார்த்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. கல்கத்தாவில் ஒரு கிளப் வைப்பவர்கள் அந்த நகரத்தின் பேட்டைப் பெயரை வைப்பார்கள், ராஜாவின் பெயரை வைப்பார்கள். இவர்களோ தாங்கள் விட்டுவிட்டு வந்த நிலத்தின் பெயரை நகரத்தின் நடுவில் கொண்டுவந்து நட்டார்கள். எந்த ஊரின் பெயரைச் சொல்லி மற்றவர்கள் கேலி செய்தார்களோ அதையே மார்பில் எழுதிக்கொண்டார்கள். முதல் தலைவராக வந்தவர் சாரதா ரஞ்சன் ரே, வங்கத்தில் கிரிக்கெட்டைப் பரப்பிய கல்லூரி முதல்வர். சத்யஜித் ரேயின் தாத்தா உபேந்திரகிஷோரின் அண்ணன். சட்டை வாங்கச் சௌரங்கியில் இருந்த வைட்அவே லெய்ட்லா கடைக்குப் போனதாகவும், கண்ணாடிப் பெட்டியில் தொங்கிய சிவப்பு-மஞ்சள் சட்டை கண்ணை இழுத்ததாகவும் கிளப்பின் கதை சொல்கிறது. அதே மாதம் ஹெர்குலிஸ் கோப்பை என்ற ஆறு பேர் ஆட்டப் போட்டியில் வென்று முதல் கோப்பையும் வீட்டுக்கு வந்தது.

அடுத்த ஆண்டே ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் கூச் பிஹார் கோப்பையில் மோதின. முதல் ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. மறு ஆட்டத்தில் மோகன் பகான் 3-0. ஆனால் உண்மையான கசப்பு லீக்கில்தான் தொடங்குகிறது. அன்று கல்கத்தா லீக்கின் முதல் டிவிஷனில் இரண்டு இந்திய அணிகளுக்கு மட்டுமே இடம். மற்ற இடங்கள் வெள்ளையர்களின் படைப்பிரிவு அணிகளுக்கும் கிளப்புகளுக்கும். 1924-ல் இரண்டாம் டிவிஷனில் ஈஸ்ட் பெங்கால் இரண்டாவதாக வந்தது. முதலாவதாக வந்த கேமரான் ஹைலாண்டர்ஸ் அணியின் மூத்த அணி ஏற்கெனவே மேலே இருந்ததால் அதற்கு ஏற உரிமை இல்லை. அப்படியானால் ஈஸ்ட் பெங்கால்தானே ஏற வேண்டும்? இரண்டு இந்திய அணிகள் மட்டுமே என்ற விதி குறுக்கே வந்தது. ஈஸ்ட் பெங்கால் தரப்பு இன்றுவரை மறக்காமல் சொல்லும் செய்தி என்னவென்றால், விதியைத் தளர்த்த வெள்ளையர் கிளப்புகள் சம்மதித்தன. எதிர்த்தவை ஏற்கெனவே மேலே இருந்த மோகன் பகானும் ஏரியனும். கடைசியில் விதி மாறியது. 1925 மே 28, லீக்கில் இருவரும் சந்தித்த முதல் ஆட்டம். நேபாள் சக்ரவர்த்தி அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் வென்றது.

ரசிகர்கள் ஒரு கிளப்பை எந்த அளவுக்கு உருவாக்க முடியும் என்பதற்கு 1930-ஐத்தான் நான் முதலில் சொல்வேன். அந்த ஆண்டு ஈஸ்ட் பெங்கால் மறுபடி இரண்டாம் டிவிஷனில் இருந்தது. மேலே ஏறும் நிலையில் ஆடிக்கொண்டிருந்தது. சட்ட மறுப்பு இயக்கம் வந்தது, லீக் பாதியில் நின்றது, மேலேறும் வாய்ப்பும் போனது. கோபம் கொண்ட ரசிகர்களும் நிர்வாகிகளும் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் போனார்கள். அந்தத் தீப்பந்தம்தான் பிற்பாடு கிளப்பின் சின்னம் ஆயிற்று. இன்றைக்கும் சட்டையில் இருக்கும் மஷால் அதுதான். எத்தனையோ கிளப்புகளின் சின்னத்தில் கோட்டை இருக்கும், சிங்கம் இருக்கும். இங்கே ரசிகர்கள் கையில் பிடித்த எதிர்ப்பு இருக்கிறது.

1947-க்குப் பிறகு அந்தப் பெயரின் எடையே மாறிவிட்டது. கிழக்கு வங்கம் வேறு நாடாயிற்று. சியால்டா ரயில் நிலையத்தின் நடைமேடையில் குடும்பங்கள் மாதக்கணக்கில் கிடந்தன. ஜாதவ்பூர், பிஜய்கர், டம்டம் பக்கங்களில் காலி நிலத்தில் கொட்டகை போட்டுக் காலனிகள் எழுந்தன. வீடு போயிற்று, குளம் போயிற்று, ஆறு போயிற்று. ஊரின் பெயரைச் சத்தமாகச் சொல்லி ஜெயிக்கக்கூடிய ஓர் இடம் மட்டும் மிச்சம் இருந்தது. சனி, ஞாயிறுகளில் கல்கத்தா மைதான் திடலின் மரப்பலகை காலரி. இதற்கு முன்பு அந்தக் கிளப் ஒரு கோபத்தின் பிள்ளை. அகதிகள் வந்த பிறகு அது ஊரில்லாதவர்களின் ஊராகிவிட்டது.

அந்த அகதிகளைத் தலைநிமிர வைத்தவர்கள் யார் தெரியுமா? 1949 முதல் சில ஆண்டுகள் ஆடிய ஐந்து முன்வரிசைக்காரர்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ரசிகர்கள் பஞ்ச பாண்டவர்கள் என்று பெயர் வைத்தார்கள். 1949, 1950, 1951 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து ஷீல்டு. ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை. பெங்களூர், ஆந்திரம், கேரளம் என்று எல்லாரும் தென்னாட்டவர்கள். மண்ணின் பெயரில் பிறந்த கிளப், அந்த மண்ணையே பார்த்திராத ஐந்து பேரைத் தன் பிள்ளைகளாக வரித்துக்கொண்டது. சென்னையிலிருந்து போன நந்தகுமாரை எழுபது ஆண்டு கழித்து அவர்கள் தூக்கிக் கொண்டாடியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரியை வென்றவன் அவர்களுக்கு உறவுக்காரன்.

எழுபதுகள் அந்தப் பகையின் உச்சம். 1970 முதல் 1975 வரை ஆறு ஆண்டு தொடர்ந்து லீக் பட்டம் ஈஸ்ட் பெங்காலுக்கு. 1975 செப்டம்பர் 30, ஷீல்டு இறுதி ஆட்டம். சுரஜித் சென்குப்தா, ஷியாம் தாபா இரண்டு, ரஞ்சித் முகர்ஜி, சுபங்கர் சன்யால். 5-0. மோகன் பகான் ஆட்டக்காரர்கள் சிலர் ரசிகர்களின் கோபத்துக்குப் பயந்து கங்கையில் படகில் இரவைக் கழித்ததாகச் சொல்வார்கள். அன்று ஓர் இளைஞர் அந்தத் தோல்வியைத் தாங்காமல் உயிரை விட்டார். மறுபிறவியில் மோகன் பகான் ஆட்டக்காரனாக வந்து பழி தீர்ப்பேன் என்று எழுதி வைத்திருந்தார். இதைச் சிலர் பக்தியின் அடையாளமாகச் சொல்லி உருகுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது ஒரு குடும்பம் பிள்ளையை இழந்த செய்தி மட்டும்தான்.

அதைவிடப் பெரிய துயரம் ஐந்தாண்டில் வந்தது. 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸ். மைதானத்தில் ஆட்டக்காரர்கள் மோதிக்கொள்ள, காலரியில் கலவரம் மூண்டது. நெரிசலில் பதினாறு பேர் இறந்தார்கள். வீட்டுக்குத் திரும்பாத அந்தப் பதினாறு பேரின் நினைவாக ஒவ்வோர் ஆகஸ்ட் 16-ம் வங்கத்தில் கால்பந்து ரசிகர்கள் நாளாக நினைவுகூரப்படுகிறது. அன்று இரத்த தானம் செய்கிறார்கள், இரு தரப்பு ரசிகர்களும்.

அந்த ரணத்துக்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை. 1997 ஜூலை 13-ல் கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதிக்கு சால்ட் லேக்கில் திரண்டவர்கள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல். மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா, வைர வடிவ வியூகம் என்று ஒன்றை வகுத்து அந்த ஆண்டு எல்லாரையும் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு முன்பு எதிரணியினரை வாயாலேயே வறுத்தெடுத்தார். பாய்ச்சுங் பூட்டியாவை சம்சம் என்ற இனிப்பாக்கினார், சோசோவை வெள்ளரிக்காயாக்கினார், ஒமோலோவை ஆம்லெட் ஆக்கினார். ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி அந்தப் பேச்சையே தன் பிள்ளைகளுக்கு மருந்தாகக் கொடுத்தார். பாய்ச்சுங் மூன்று கோல் போட்டார். 4-1. இந்திய மண்ணில் ஒரு விளையாட்டுப் போட்டிக்கு வந்த மாபெரும் கூட்டங்களில் அதற்கு இன்றும் இடம் உண்டு.

இனிப் பணத்தின் கதை. கொல்கத்தாவின் மைதான் ராணுவத்துக்குச் சொந்தமான நிலம். அங்கே நிரந்தரக் கட்டடம் எழுப்ப எளிதில் விடமாட்டார்கள். அதனால்தான் கிளப் அலுவலகத்தை இன்னும் டென்ட் என்கிறார்கள். கிளப்புகளுக்குச் சொந்தமாகச் சொத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. உறுப்பினர் சந்தா, நன்கொடை, டிக்கெட் காசு. ஆட்டக்காரரின் சம்பளம் ஏற ஏற அது போதாமல் போயிற்று. 1998-ல் யுனைடெட் புரூவரீஸ் குழுமம் வந்தது. மோகன் பகானின் பெயருக்கு முன்னால் மெக்டவல், ஈஸ்ட் பெங்கால் பெயருக்கு முன்னால் கிங்ஃபிஷர். ஒரே முதலாளி இரண்டு வைரிகளுக்கும் பணம் போட்டார். ரசிகர்கள் முணுமுணுத்தார்கள், பொறுத்துக்கொண்டார்கள். பெயருக்கு முன்னால் விளம்பரம் வந்தாலும் கிளப் கிளப்பாகவே இருந்தது.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியதும் நிலைமை முற்றிலும் வேறானது. புதிய லீக்குக்குப் புதிய அணிகளைக் கட்டினார்கள். கொல்கத்தாவில் அட்லெடிகோ டி கொல்கத்தா, சுருக்கமாக ஏ.டி.கே. நூறாண்டுக் கிளப்புகள் வெளியே நின்றன. 2020 ஜனவரி 16-ல் அந்த அறிவிப்பு வந்தது. ஏ.டி.கே.வை நடத்திய ஆர்.பி. சஞ்சீவ் கோயங்கா குழுமம் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவில் 80 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்கிறது. இரண்டு அணிகளும் ஒன்றாகின்றன.

மூன்றே நாள் கழித்து, ஜனவரி 19-ல், டெர்பி. குடியுரிமைச் சட்டமும் தேசியக் குடிமக்கள் பதிவேடும் நாடெங்கும் எரிந்துகொண்டிருந்த மாதம். ஈஸ்ட் பெங்கால் காலரியில் ஒரு மாபெரும் பதாகை விரிந்தது. இந்த மண்ணை நாங்கள் காகிதம் கொடுத்து வாங்கவில்லை, இரத்தம் கொடுத்து வாங்கினோம் என்பது அதன் சாரம். அகதிகளின் பேரப்பிள்ளைகள் எழுதியது. ஆட்டத்தில் தோற்றார்கள், 2-1. ஆனால் அன்றைய டெர்பியைப் பேசும்போது அந்தப் பதாகையைப் பேசாமல் யாரும் விடுவதில்லை.

மோகன் பகான் அந்தப் பருவத்தில் ஐ-லீக் பட்டத்தை நான்கு சுற்று மிச்சம் இருக்கும்போதே வென்றது. வென்ற அணி அந்தப் பெயரோடு ஐ.எஸ்.எல்.லுக்குள் போகவில்லை. ஏ.டி.கே. மோகன் பகான் என்று ஆயிற்று. பச்சை-அரக்குச் சட்டை தப்பித்தது. பெயருக்கு முன்னால் மூன்று எழுத்துகள் ஒட்டிக்கொண்டன. மூன்று எழுத்துக்கு இவ்வளவு கோபமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். மெக்டவலைப் பொறுத்தவர்கள் இதைப் பொறுக்காததற்குக் காரணம் உண்டு. மெக்டவல் ஒரு விளம்பரம். ஏ.டி.கே. இன்னோர் அணி, மோகன் பகானோடு ரசிகர்களுக்காகப் போட்டி போட்ட அணி. அதன் பெயர் முன்னால் வந்தால், 1889-லிருந்து வரும் வரலாறு நேற்று முளைத்த ஒன்றின் வாலாகிவிடும். ரசிகர்களுக்கு இது புரிந்தது; கணக்குப் போட்டவர்களுக்குப் புரியவில்லை.

ஏ.டி.கே.வை நீக்கு என்ற இயக்கம் மூன்றாண்டு நடந்தது. டென்டின் முன்னால் கூட்டம், பதாகை, டிக்கெட் வாங்கமாட்டோம் என்ற புறக்கணிப்பு. அணி ஜெயித்துக்கொண்டே இருந்த காலத்தில் நடந்த எதிர்ப்பு இது என்பதைக் கவனிக்க வேண்டும். தோற்கிற அணியின் ரசிகர்கள் கத்துவது உலக வழக்கம். இவர்கள் டெர்பிக்கு டெர்பி ஈஸ்ட் பெங்காலை அடித்துவிட்டு, இறாலும் வாங்கிச் சமைத்துவிட்டு, மறுநாள் தங்கள் முதலாளிக்கு எதிராகக் கோஷம் போட்டார்கள். 2023 மார்ச் 18-ல் கோவாவில் பெங்களூரு அணியைப் பெனால்டியில் வென்று ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கிய இரவிலேயே சஞ்சீவ் கோயங்கா அறிவித்தார்: அடுத்த பருவத்திலிருந்து ஏ.டி.கே. கிடையாது. மோகன் பகான் சூப்பர் ஜயன்ட். பின்னால் ஓர் ஒட்டு இன்னும் இருக்கிறது. ஆனால் முன்னால் நிற்பது மோகன் பகான்தான்.

ஈஸ்ட் பெங்கால் பக்கம் இதைவிடக் குழப்பம். 2018-ல் குவெஸ் நிறுவனம் முதலீட்டாளராக வந்தது, இரண்டு ஆண்டில் போனது. 2020 செப்டம்பரில் முதல்வர் மம்தா பானர்ஜியின் முயற்சியில் ஸ்ரீ சிமென்ட் வந்தது. ஐ.எஸ்.எல்.லில் முதல் டெர்பி, கொரோனா காலத்தில், கோவாவில் காலி அரங்கில் நடந்தது. ஒரு ரசிகரின் குரலும் இல்லாமல் ஈஸ்ட் பெங்கால் 2-0 என்று தோற்றது. அதற்குள் ஒப்பந்தச் சண்டை. விளையாட்டு உரிமை முழுவதும் கைமாறிவிடும், உறுப்பினர்களின் உரிமை பறிபோகும் என்று நிர்வாகிகள் இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தார்கள். போடாவிட்டால் பணம் இல்லை, அணி இல்லை என்று முதலீட்டாளர் சொன்னார்.

இந்த இடத்தில்தான் ரசிகர்கள் பிளந்தார்கள். 2021 ஜூலை 21-ல் டென்டின் முன்னால் கூடியவர்களில் ஒரு பகுதியினர் கையெழுத்துப் போடு, அணியைக் காப்பாற்று என்றார்கள். இன்னொரு பகுதியினர் நிர்வாகிகள் பக்கம் நின்றார்கள். ஒரே சட்டை போட்டவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. எதிரிகளோடு சண்டை போட்டே வளர்ந்த ஒரு கூட்டத்துக்கு அந்த நாள் தந்த வலி எந்த டெர்பித் தோல்வியும் தராதது. ஆகஸ்டில் முதல்வர் தலையிட்ட பிறகு அந்தப் பருவத்தை ஓட்டினார்கள், 2022-ல் ஸ்ரீ சிமென்ட் விலகியது, இமாமி வந்தது.

அதே 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பன்னிரண்டு பெரிய கிளப்புகள் தங்களுக்குள் தனி சூப்பர் லீக் என்று அறிவித்தன. ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். இரண்டே நாளில் ஆறு இங்கிலாந்து கிளப்புகளும் பின்வாங்கின. ஜெர்மனியில் ரசிகர்கள் தெருவுக்கு வர வேண்டிய அவசியம்கூடக் குறைவு. உறுப்பினர்களின் தாய்க் கிளப்பிடம் பாதிக்கு மேல் ஓட்டு இருந்தே ஆக வேண்டும் என்று அங்கே 1998 முதல் விதி இருக்கிறது. சில விலக்குகள் நீங்கலாக. இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. இரண்டு கிளப்புகளிலும் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள் உண்டு. ஆனால் காலரியில் தொண்டை கிழியக் கத்துகிற லட்சக்கணக்கானவர்களில் அவர்கள் சிறு பகுதி. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கும் உரிமைகூட மற்றவர்களுக்கு இல்லை. தெருவும் பதாகையும் காலி நாற்காலியும்தான் அவர்களின் வாக்குச்சீட்டு. ஜெர்மனியின் அந்த விதியில் பாதியாவது இங்கே வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆட்டக்காரர் போவார், முதலாளி போவார், லீக்கே மாறும். 1920-லிருந்து மாறாமல் நிற்பது அந்தக் காலரி ஒன்றுதான். அதற்குக் காகிதத்தில் இடம் இல்லை என்பது நியாயம் இல்லை.

அந்தக் காலரி தன் பலத்தைத் தானே உணர்ந்த நாள் ஒன்று உண்டு. அன்று ஆட்டமே நடக்கவில்லை. 2024 ஆகஸ்ட் 9-ல் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஓர் இளம் பெண் மருத்துவர் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நகரம் கொதித்தது. ஆகஸ்ட் 18-ல் டூராண்ட் கோப்பை டெர்பி. அரங்கில் எதிர்ப்புக் குரல் எழும் என்ற நிலையில், பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆட்டத்தை ரத்து செய்தார்கள். டிக்கெட் இல்லை, ஆட்டம் இல்லை. ஆனாலும் மாலையில் சால்ட் லேக் அரங்கின் வெளியே சிவப்பு-மஞ்சளும் பச்சை-அரக்கும் சேர்ந்து வந்தன. நகரின் இன்னொரு கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் கறுப்பு-வெள்ளையும் வந்தது. எதிரணிச் சட்டை போட்டவரைத் தோளில் தூக்கிக்கொண்டு நீதி கேட்டார்கள். நூறாண்டாக ஒருவரையொருவர் ஏசுவதற்கென்றே பழகிய குரல்கள் ஒரே கோஷத்தைப் போட்டன. போலீஸ் தடியடி நடத்தியது, சிலரைப் பிடித்து வண்டியில் ஏற்றியது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் கல்யாண் சௌபே அங்கே வந்து, பிடிபட்டவர்களை விடச் சொல்லி வாதாடினார். கோல்கீப்பராக இரண்டு கிளப்புகளுக்கும் ஆடியவர் அவர்.

நடக்காத ஆட்டத்துக்குப் புள்ளியை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அக்டோபர் 19-ல் அதே சால்ட் லேக்கில் இருவரும் ஐ.எஸ்.எல்.லில் மோதினார்கள். மோகன் பகான் 2-0.